முல்லைத்தீவா, முள்ளியவளையா? குடிவர நினைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2016 மாசி மாதம் வவுனியாவிலிருந்து ஒரு லொறிச் சாமானோடு முல்லைத்தீவில் வந்து இறங்கினோம். மனைவிக்குக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, இடமாற்றம். முதல் வருடம் கடற்கரைப் பக்கம் வாடகை வீடு, அதன்பிறகு தண்ணீரூற்று. அன்று நான் கண்டவர் நின்றவரிடமெல்லாம் கேட்ட கேள்விகளை இன்று என்னிடம் கேட்கிறார்கள்: இடமாற்றக் கடிதம் கையில் வந்த ஆசிரியர்கள், யாழ்ப்பாணத்து உறவினர், கனடாவிலிருந்து நேரங்காலம் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் கூப்பிடும் மச்சான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. இனி இதை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

இரண்டும் ஒரே ஊரா, வேறு வேறா?

வேறு வேறுதான். இடையில் ஏழெட்டுக் கிலோமீற்றர். முல்லைத்தீவு கடலோரம், முள்ளியவளையும் அதை ஒட்டிய தண்ணீரூற்றும் உள்ளே, வயலும் தென்னையும் குளமுமாக. இரண்டுக்கும் வடக்குப் பக்கத்தில் நந்திக்கடல் கிடக்கிறது. பெயர்தான் கடல், உள்ளபடி அது களப்பு: கடலோடு சேரும் உவர்நீர்ப் பரப்பு. ஆகவே எங்கே குடியிருந்தாலும் ஏதோ ஒரு தண்ணீரின் கரையில்தான் இருப்பீர்கள். அது எந்தத் தண்ணீர் என்பதில்தான் வித்தியாசம் எல்லாம்.

நகரம் என்று சொல்லிக்கொண்டாலும் இரண்டுக்கும் நகரசபை கிடையாது. கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை, கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகம் — இந்த இரண்டு பெயரையும் பாடமாக்கி வையுங்கள். குப்பை முதல் காணி வரை எல்லாம் அங்கேதான் போய் நிற்கும். மாவட்டமே 1978 இல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னர் இங்குள்ளவர்கள் ஒரு கையெழுத்துக்கு வவுனியா வரை போய் வந்த கதையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

வீட்டைப் பார்க்க முதல் கிணற்றைப் பாருங்கள். நான் பாராமல் பட்டது இது.

நாங்கள் முதலில் எடுத்த வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். மாசியில் போய்ப் பார்த்தபோது கிணறு முக்கால்வாசி நிரம்பி நின்றது. வாளியால் அள்ளிக் குடித்துப் பார்த்தேன், இளநீர் மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நானும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வைகாசி வரை குறையில்லை. ஆனி கடந்ததும் தேத்தண்ணீரில் ஏதோ பிசகு. பால் திரைந்தது என்று நினைத்துக் கடைக்காரருடன் ஒரு சின்னச் சண்டையும் பிடித்தேன். ஆவணியில் சவர்க்காரம் நுரைக்க மறுத்தது. மகளின் தலைமயிர் தும்பு மாதிரி ஆனது. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “தம்பி, மோட்டர் போட்டு இறைக்கிறியளோ? அதுதான். இது அள்ளிக் குடிக்கிற கிணறு, இறைக்கிற கிணறு இல்லை” என்றார்.

காரணம் சிக்கலானதல்ல. மணல் நிலத்தில் மழைநீர் கீழே இறங்கி, கனமான உப்புநீருக்கு மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. வாளியால் அள்ளினால் அந்தப் படை தாங்கும். மோட்டர் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கும் உவர் மேலேறிவிடும். ஒரு தடவை ஏறினால் அடுத்த மழை வரும்வரை அது இறங்காது.

தண்ணீரூற்றுப் பக்கம் அந்தக் கரைச்சல் குறைவு. ஊரின் பெயரே சாட்சி. பிள்ளையாரும் அங்கே ஊற்றங்கரைப் பிள்ளையார். அதற்காக முள்ளியவளையில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர் என்று எண்ணிவிடாதீர்கள். நந்திக்கடல் பக்கம் போகப்போக உவர் தட்டும்.

மற்றபடி, மீனும் காற்றும் கச்சேரியும் முக்கியம் என்றால் முல்லைத்தீவு. பிள்ளைகள், வீட்டுத்தோட்டம், மாடு, நித்திரை என்றால் முள்ளியவளை. என் மனைவி கடைசியில் சொன்ன தீர்ப்பு: சம்பளம் கடலோரத்தில், சமையல் ஊற்றோரத்தில்.

எந்த மாதத்தில் வந்து பார்ப்பது நல்லது?

ஒரு தடவை போதாது, இரண்டு தடவை வாருங்கள். புரட்டாசியில் ஒருக்கால்: மழைக்கு முன்னர் நிலம் காய்ந்து கிடக்கும் நேரம். கிணற்றின் உண்மையான சுவை அப்போதுதான் தெரியும். கார்த்திகை கடைசியில் இன்னொருக்கால்: வாடைமழை கொட்டும் நேரம். எந்த ஒழுங்கையில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கிறது, எந்த வளவுக்குள் குளத்து வெள்ளம் வருகிறது என்று கண்ணால் காணலாம். சித்திரை விடுமுறைக்கு வந்து, கடற்கரையில் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு முற்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

வாடகைக்கு வீடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தேடி அலைய வேண்டும். வெளியூர் உத்தியோகத்தர்கள் கிழமை நாட்களில் தங்கி வெள்ளி பின்னேரம் ஊருக்கு வெளிக்கிடுபவர்கள். அவர்களுக்கான அறைகள்தான் அதிகம். குடும்பமாகத் தங்க முழு வீடு வேண்டுமானால் விளம்பரத்தை நம்பாமல், பலசரக்குக் கடை, ஓட்டோத் தரிப்பிடம், கோயில் ஐயர் என்று மூன்று இடத்தில் சொல்லிவையுங்கள். தகவல் தானாக வரும்.

காணி வாங்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் கேள்வி: உரிமைப் பத்திரத்தோடு தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா? வன்னியில் பெரும்பகுதி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் குடியேறியவர்களுக்கு அனுமதிப்பத்திரமாகவோ, அளிப்பு எனும் கொடைப்பத்திரமாகவோ கொடுக்கப்பட்டது. அனுமதிப்பத்திரக் காணியைச் சாதாரண உறுதிபோல் எழுதி விற்க முடியாது. அளிப்புக் காணியைக் கைமாற்றவும் பிரதேச செயலாளரின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். “வெள்ளைத்தாளில் எழுதித் தாறன், பிறகு மாத்தலாம்” என்று எவராவது சொன்னால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

உறுதிக் காணி என்றாலும் பின்னால் கதை இருக்கும். 2009 இல் போர் முடியும்வரை இங்கிருந்தவர்களில் பலர் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு இடம்பெயர்ந்து, கடைசியில் அந்தப் பையையும் இழந்தவர்கள். மூலப்பிரதி இல்லை என்பதற்காக ஒருவரைக் கள்ளன் என்று எண்ணவேண்டாம். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடுவித்துப் பாருங்கள்.

அடுத்தது தேசவழமை, வடக்குத் தமிழரின் மரபுவழிச் சட்டம். வடமாகாணக் காணிக்கு முற்கொள்வனவு உரிமை உண்டு. காணியில் பங்குள்ளவர்களுக்கும், உரித்தாளியாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் அறிவித்தல் கொடுத்து, அவர்கள் வேண்டாம் என்ற பின்னர்தான் வெளியாளுக்கு விற்கலாம். விற்பவருக்கு ஜெர்மனியில் ஒரு தமையனும் அவுஸ்திரேலியாவில் ஒரு தமக்கையும் இருந்தால், அவர்களின் சம்மதம் எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்காமல் வாங்கிய ஒருவர் வேலி அடைத்த மறுகிழமையே வழக்குக்கு நின்றதைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவதாக, ஓரத்துக் காணிகளில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். போர்க்காலத்தில் ஆளில்லாமல் விட்ட வயலில் மரம் வளர்ந்து, இன்று அது காடு என்று பதிவாகியிருக்கும். நந்திக்கடலும் 2017 இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. களப்புக்கரையில் மலிவாகக் காணி வந்தால், ஏன் மலிவு என்பதற்கு விடை அங்கே இருக்கலாம்.

நான் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டேன். என் பெயரில் வாங்கலாமா?

இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் என்றால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் காணிக் கைமாற்றத்தைத் தடுக்கிறது. தாய் தகப்பனிடமிருந்து முதுசமாக வருவது வேறு கணக்கு. ஊரிலிருக்கும் மருமகனுக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) கொடுத்துவிட்டு ஐந்து வருடம் திரும்பிப் பாராமல் இருந்துவிட்டு, பிறகு எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். மச்சான், இது உங்களுக்குத்தான்.

கடலுக்கு எவ்வளவு கிட்டக் கட்டலாம்?

உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்குள் கட்டுவதற்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் இந்தப் பட்டினத்துக்குள் வந்தது. கள்ளப்பாடு, செல்வபுரம் பக்கம் போனால், அன்று வீடு இருந்த இடத்தில் இன்று அத்திவாரம் மட்டும் மணலுக்குள் தெரியும். திரும்பக் கடற்கரையிலேயே குடியிருப்பவர்கள் தொழிலுக்காக இருக்கிறார்கள். வள்ளத்தை விட்டுத் தூரப்போக முடியாது. அலைச்சத்தம் கேட்க ஆசை என்பதற்காக மட்டும் நீங்கள் முன்வரிசையில் கட்ட வேண்டியதில்லை. முள்ளியவளையிலும் மார்கழி இரவில் காற்று வளமாக வீசினால் கடல் இரைவது கேட்கும்.

அத்திவாரம் வெட்டும்போது பயமில்லையா?

குடிமனைப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றி முடிந்துதான் மக்கள் மீளக்குடியமர்த்தப்பட்டார்கள். ஆனால் பற்றைக்காணி, காட்டோரம், களப்புக்கரை என்றால் கிராம அலுவலரிடம் கேட்டபின் கால் வையுங்கள். பெக்கோ இயந்திரத்தில் இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் நிறுத்துங்கள், தொடாதீர்கள், பொலிசுக்கு அறிவியுங்கள். நிலத்துக்குள் இருப்பது இரும்பு மட்டுமல்ல. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது, குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டியபோதுதான்.

பிள்ளைகளின் படிப்பு?

முள்ளியவளை வித்தியானந்தா கல்லூரி, முல்லைத்தீவு மகா வித்தியாலயம் இரண்டும் பழகிய பெயர்கள். உயர்தர விஞ்ஞானம், கணிதம் என்று வரும்போது சில பாடங்களுக்கு ஆசிரியர் வருவதும் இடமாறிப் போவதுமாக இருக்கும்; ரியூசனுக்குப் புதுக்குடியிருப்பு வரை ஓடும் பிள்ளைகளும் உண்டு. பல்கலைக்கழகம் முன்போல் எட்டாத தூரமில்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனியாகியது. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன.

வருத்தம் துன்பம் என்றால்?

மாவட்டப் பொது வைத்தியசாலை மாஞ்சோலையில். இரண்டு ஊருக்கும் இடையில் இருப்பதால் எந்தப் பக்கம் இருந்தாலும் ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். பெரிய சத்திரசிகிச்சை என்றால் யாழ்ப்பாணத்துக்கு அல்லது வவுனியாவுக்கு அனுப்புவார்கள். யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். இருதயநோய், டயாலிசிஸ் உள்ள பெரியவர்களைக் கூட்டி வருவதென்றால் அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுத்து முடிவு செய்யுங்கள். வயலில் இறங்குபவர்கள் விதைப்புக் காலத்தில் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு எடுங்கள்.

போக்குவரத்து எப்படி?

மாங்குளம் வீதி, ஏ-34, ஒட்டுசுட்டான் வழியாக ஏ-9 இல் போய் ஏறும். ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். புகையிரதம் வேண்டுமானால் அதே மாங்குளம்தான். பரந்தன் வீதி, ஏ-35, புதுக்குடியிருப்பு வழியாக யாழ்ப்பாணப் பக்கம் போகும். முள்ளியவளை மாங்குளம் வீதியிலேயே இருப்பதால் வவுனியா, கொழும்பு போகிறவர்களுக்கு அது வசதி. யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு முல்லைத்தீவு கிட்ட, ஆனால் வட்டுவாகலைத் தாண்ட வேண்டும்.

வட்டுவாகலில் நந்திக்கடல் கடலோடு சேர்கிறது. அதற்கு மேலால் கிடக்கும் பழைய பாலம் ஒற்றை வாகனம் போகும் அகலம். எதிரே லொறி இறங்கிவிட்டால் இந்தக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில்லாத ஓரத்தில் வீச்சுவலைக்காரர் நின்று எறிவார்; வலை விரியும் வட்டம் தண்ணீரில் விழும்வரை பார்த்தால் காத்திருந்த கோபம் போய்விடும். மாரியில் களப்பு நிரம்பினால் பாலத்துக்கு மேலாலும் தண்ணீர் பாயும். அப்போது முகத்துவார மணலை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடக்கி வைக்கப்பட்டது. மழை நாட்களில் வற்றாப்பளை, கேப்பாப்பிலவு வழியாகப் புதுக்குடியிருப்புக்குப் போகும் மேற்குக்கரை வீதி கைகொடுக்கும்.

இரவு பஸ்ஸை நம்பாதீர்கள். ஒரு ஓட்டோ அண்ணையின் இலக்கத்தைத் தொலைபேசியில் சேமித்து வையுங்கள்.

என்ன தொழில் செய்து பிழைக்கலாம்?

அரச உத்தியோகம், மீன்பிடி, வயல், கச்சான். இங்கே கச்சான் என்றால் நிலக்கடலை. கச்சான் காற்று என்றும் ஒன்று உண்டு, குழம்பவேண்டாம். பெரும்போகத்துக்கு மழையை நம்பி விதைக்கலாம். சிறுபோகம் குளத்துத் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மட்டும். கடை போடுவதென்றால் ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே கடன் கொப்பி இல்லாமல் கடை ஓடாது. வயல்காரர் வெட்டு முடிந்துதான் தருவார், கடற்காரர் மீன்பாடு பட்டால்தான் தருவார். இரண்டு பேருக்கும் கைவறுமை வரும் மாதம் கார்த்திகை. அதுவரை தாங்கும் முதல் கையில் இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள்.

மீன் எங்கே வாங்குவது?

காலை வெள்ளெனக் கரைக்குப் போங்கள். கரைவலை இழுத்து முடியும் நேரம் நின்றால் கூறுவிலைக்குக் கிடைக்கும். முதல் மாதம் உங்களுக்கு விலை சற்றுக் கூடத்தான் இருக்கும். முகம் பழகினால் அதே ஆள் கையில் நாலு சூடையை இலவசமாகத் திணித்துவிடுவார். நந்திக்கடல் இறால் முள்ளியவளைக்குச் சைக்கிளில் வரும். பெட்டியை மூடியிருக்கும் சாக்கை அவரே தூக்கிக் காட்டும்வரை பேசாமல் நிற்பது நல்லது. நாமாகத் தூக்கினால் விலை ஏறுகிறது. இத்தனை வருட அனுபவம்.

போர் பற்றிக் கதைக்கலாமா?

நீங்களாகக் கேட்காதீர்கள். வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தால், யார் இது என்று கேட்டு நிற்கவேண்டாம். சொல்ல வேண்டிய நாளில் அவர்களே சொல்வார்கள். அன்று அவசரமில்லாமல் இருந்து கேளுங்கள். மே மாதம் 18 ஆம் திகதியை அண்டிய நாட்களில் வீதியோரம் கஞ்சி கொடுப்பார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும்தான். 2009 இல் முள்ளிவாய்க்காலில் உயிர்பிடித்து வைத்த கஞ்சி அது. சிரட்டையில் தந்தால் வாங்கிக் குடியுங்கள். படமெடுக்க வேண்டாம்.

முஸ்லிம் அயலவர்களும் இருக்கிறார்கள், நீராவிப்பிட்டிப் பக்கம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடம் கழித்துத் திரும்பியவர்கள். அவர்களுக்கும் சொல்லக் கதை இருக்கிறது. வந்தேறி யார், ஊரவர் யார் என்று இங்கே எடை போடப் போனால் தராசு முறிந்துவிடும்.

யானை, பாம்பு?

யானை குமுழமுனை, தண்ணிமுறிப்புப் பக்கம். பாம்பு எங்கும். குரங்கைத்தான் நீங்கள் கேட்க மறந்துவிட்டீர்கள். தேங்காய் குரும்பையாய் இருக்கும்போதே கணக்கு முடித்துவிடும்.

ஊரோடு ஒட்ட எவ்வளவு காலம் எடுக்கும்?

எங்களுக்கு ஒரு வைகாசி எடுத்தது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர், முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே எண்ணெய்க்குப் பதில் அந்த உப்புநீரை ஊற்றி விளக்கேற்றுவார்கள். ஏழாம் நாள் காட்டா விநாயகருக்குப் பொங்கல், மறுநாள் திங்கள் வற்றாப்பளையில் அம்மனுக்கு. களப்புக்கரை முழுதும் சனம், தூக்குக்காவடி, கடலைக்கடை.

தீர்த்தக்குடம் வரும் இரவு நாங்கள் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, நிறைகுடம் வைத்துவிட்டு நின்றோம். அந்தப் பழைய பக்கத்து வீட்டு அம்மா முல்லைத்தீவிலிருந்து கூட்டத்தோடு நடந்து வந்தவர், என்னைக் கண்டதும் நின்றார். “இப்ப தண்ணி எப்பிடித் தம்பி?” என்றார். நல்லது அம்மா என்றேன். “எங்கட கிணறும் இந்தமுறை பரவாயில்லை. நீங்கள் போனாப்பிறகு வந்த ஆக்கள் மோட்டர் பூட்டேல்லை” என்று சொல்லிவிட்டுக் குடத்துக்குப் பின்னால் நடந்தார்.

வந்து இறங்கியதும் முதலில் செய்ய வேண்டியது?

கிராம அலுவலரைச் சந்தித்துக் குடும்பத்தைப் பதியுங்கள். பழைய ஆட்கள் அவரை விதானையார் என்றுதான் சொல்வார்கள். வாக்காளர் இடாப்பு, பாடசாலை அனுமதி எல்லாவற்றுக்கும் அவரின் கடிதம் வேண்டும். இரண்டு நிறுவனத்தின் சிம் அட்டை வைத்திருங்கள். ஒன்று மழைக்குப் படுத்தால் மற்றது எழும்பி நிற்கும். நல்ல நீளக் கயிறும் ஒரு வாளியும் வாங்குங்கள்.